நெஞ்செரிச்சலும் இரவுச் சாப்பாட்டு நேரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மருத்துவப் பக்கத்தில் சென்ற வாரம் வெளிவந்த, வயிற்றில் அமிலம் மிகுவதைத் தணிக்கும் உணவுகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். வாசகரைப் பயமுறுத்தாமல் எளிய நடையில் எழுதப்பட்ட கட்டுரை அது. ஆயினும், உண்ணத் தக்கவை எவை, தகாதவை எவை என்று முக்கால் பக்கத்துக்குப் பட்டியலிட்ட கட்டுரையாளர், எப்போது உண்பது, உண்டபின் எப்படி இருப்பது என்பதற்கு ஒரே ஒரு வரியை ஒதுக்கியிருப்பதும், எரிச்சல் வந்தால் குளிர்ந்த பால் குடிக்கலாம் என்று பரிந்துரைத்திருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அரசு மருத்துவமனையில் 31 ஆண்டுகள் மருந்தாளுநராக வேலை பார்த்து, 'கேஸ் மாத்திரை' கேட்டு நீளும் கைகளை நாள்தோறும் பார்த்தவன் என்ற முறையிலும், நானே பல ஆண்டுகள் இந்த உபாதையில் அவதிப்பட்டவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

முதலில் 'அமிலம் மிகுதி' என்ற சொல்லைப் பற்றி. நெஞ்செரிச்சல் என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு அமிலம் அளவுக்கு மீறிச் சுரப்பதில்லை. சுரந்த அமிலம் இருக்க வேண்டிய இடத்தை விட்டு மேலே ஏறிவிடுகிறது. நம் எல்லோருடைய இரைப்பையிலும் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை செரிமான நீர் சுரக்கிறது. அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் புரதத்தைச் செரிக்கவும், உணவோடு வரும் கிருமிகளைக் கொல்லவும், இரும்புச் சத்தை உடல் ஏற்கவும் வேண்டியிருக்கிறது. இரைப்பையின் உட்சுவருக்குச் சளிப்படலம் என்ற கவசம் உண்டு. உணவுக்குழாய்க்கு அப்படியொரு கவசம் இல்லை. இரண்டும் சேரும் இடத்தில் வளையம்போல் இறுகி நிற்கும் தசை, வயிறு புடைக்க உண்ணும்போதும், கொழுப்பு மிகுந்த உணவை உண்ணும்போதும், புகைக்கும்போதும் தளர்கிறது. அந்த நேரம் பார்த்து நாம் படுத்துவிட்டால், புவியீர்ப்பின் துணையும் போய், புளித்த நீர் தொண்டை வரை எதுக்களிக்கிறது. இதனால்தான், எதை உண்டோம் என்பதற்கு இணையாக எப்போது உண்டோம் என்பதையும் கேட்க வேண்டும் என்கிறேன்.

என் கதையையே சொல்கிறேன். இரவுப் பணி இல்லாத நாட்களில் ஒன்பதரை மணிக்கு வீடு திரும்பி, பத்து மணிக்குச் சாப்பிட்டு, பத்தரைக்குப் படுத்துவிடுவது என் வழக்கம். நள்ளிரவில் தொண்டையில் புளித்த நீர் ஏறி இருமலோடு எழுவேன். மிளகாயைக் குறைத்தேன், புளியைக் குறைத்தேன், வீட்டில் எனக்கென்று தனியாக ரசம் வைக்கும்படி ஆயிற்று, இருமல் நிற்கவில்லை. மருந்துக் கிடங்கிலேயே வேலை என்பதால் மாத்திரைக்கும் குறைவில்லை. கடைசியில், எங்கள் மருத்துவமனைக்குப் புதிதாக வந்த இளம் மருத்துவர் ஒருவர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவே இல்லை. எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிக்கச் சொன்னார். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் அரை அடி உயரத்துக்குக் கட்டை வைக்கச் சொன்னார். தலையணையை அடுக்கினால் போதாதா என்றேன். தலையணை அடுக்கினால் உடம்பு இடுப்பில் மடங்கி வயிற்றை அழுத்தும், அது இன்னும் கெடுதல், மார்பிலிருந்து மேல்பாகம் முழுவதும் சரிவாக உயர வேண்டும் என்று விளக்கினார். மாலை ஆறரை மணிக்கு மருத்துவமனையிலேயே நான்கு இட்லியை முடித்துக்கொள்ளப் பழகினேன். மூன்றாவது வாரத்தில் இரவு இருமல் நின்றது. ரசம் மறுபடியும் எல்லோருக்கும் ஒன்றாகவே வைக்கப்பட்டது.

இடப்பக்கம் ஒருக்களித்துப் படு என்று நம் பெரியவர்கள் சொல்வதிலும் இந்த விஷயத்தில் பொருள் இருக்கிறது. இடப்பக்கம் படுத்தால் உணவுக்குழாயின் வாய் அமிலத் தேக்கத்துக்கு மேலே நிற்கிறது. வலப்பக்கம் படுத்தால் அது தேக்கத்துக்குள் அமிழ்கிறது. தொந்தியும், அதன்மேல் இறுக்கிக் கட்டிய பெல்ட்டோ பாவாடை நாடாவோ தரும் அழுத்தமும் அமிலத்தை மேலே தள்ளும். எடை கூடியவர்கள் சில கிலோ குறைத்தாலே எரிச்சல் தணிவதைப் பலர் விஷயத்தில் கண்டிருக்கிறேன். இவற்றுக்கெல்லாம் செலவே இல்லை என்பதாலோ என்னவோ, யாரும் இவற்றைச் சிகிச்சையாக மதிப்பதில்லை.

இனி பால். குளிர்ந்த பால் குடித்தவுடன் எரிச்சல் அடங்குவது உண்மைதான். பால் அமிலத்தைச் சிறிது நேரம் மட்டுப்படுத்துகிறது. ஆனால் அதிலுள்ள புரதமும் கால்சியமும் இரைப்பையை மேலும் அமிலம் சுரக்கத் தூண்டுகின்றன. பால் வயிற்றுக்கு மருந்து என்ற நம்பிக்கைக்கு ஒரு நீண்ட வரலாறே உண்டு. சிகாகோவைச் சேர்ந்த பெர்ட்ராம் சிப்பி என்ற மருத்துவர் 1915-ல் வகுத்த சிகிச்சையில், குடற்புண் நோயாளிகளுக்கு மணிக்கொரு முறை பாலும் பாலேடும், இடையிடையே அமிலத்தை முறிக்கும் காரப்பொடிகளும் (மிளகாய்க் காரம் அன்று, சோடா உப்பு போன்றவை) கொடுக்கப்பட்டன. பல பத்தாண்டுகள் உலகெங்கும் இதுவே வழக்கமாக இருந்தது. பாலும் காரப்பொடியும் அளவு மீறிச் சேர்ந்து, இரத்தத்தில் கால்சியம் ஏறி, சிலருக்குச் சிறுநீரகமே பழுதுபட்டதும் அந்தக் காலத்தில்தான். பால் அமிலச் சுரப்பைக் கூட்டுகிறது என்பது 1970-களில் அளந்து காட்டப்பட்டது. அப்படியிருக்க, நூறாண்டுப் பழமையான அறிவுரையை 'எளிய வீட்டு வைத்தியம்' என்ற பெட்டிக்குள் போட்டு அச்சிடுவது முறையா? இரவு படுக்கும் முன் ஒரு டம்ளர் பால் குடிக்கும் பழக்கமுள்ள நெஞ்செரிச்சல்காரர்கள் இரண்டு வாரம் அதை நிறுத்திப் பார்க்கட்டும். புளிக்காத மோரை நீர் விளாவிப் பகலில் குடிப்பது பலருக்கு ஒத்துக்கொள்கிறது, ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு.

காரம் பற்றியும் ஒரு சொல். மிளகாய், ஏற்கெனவே எரிகிற இடத்தில் மேலும் எரிய வைக்கும். புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் அது இல்லை. இரைப்பைப் புண்ணுக்கும் முன்சிறுகுடல் புண்ணுக்கும் முக்கியக் காரணங்கள் இரண்டு: ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா, வலி மாத்திரைகள். ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசோதனையில் கிருமி இருப்பது உறுதியானால் இரண்டு வார ஆன்டிபயாடிக் சிகிச்சையால் அதை ஒழிக்கலாம் என்னும்போது, 'அல்சர்' என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் உப்புச்சப்பில்லாமல் சாப்பிட்டுக்கொண்டு காலம் தள்ளுபவர்களைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கிறது. உணவில் எது ஆகாது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். எனக்கு வெறும் வயிற்றுக் காப்பி ஆகாது (காவிரிக்கரையில் பிறந்தவன் இதை ஒப்புக்கொள்வது எளிதன்று). என் மனைவிக்கு எண்ணெய் மிதக்கும் வத்தக்குழம்பு ஆகாது. யாரோ தந்த பட்டியலை அப்படியே பின்பற்றுவதைவிட, என்ன சாப்பிட்டோம், எப்போது எரிந்தது என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்துவைப்பது மேல். இரவு பதினொன்றுக்குச் சால்னாவில் ஊறிய பரோட்டா எந்த நோட்டிலும் நல்ல பெயர் வாங்காது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

வலி மாத்திரைகளைக் கட்டுரை தொடவே இல்லை. மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றைக் கடையில் தாமாகவே வாங்கி, காலையில் டீயோடு விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் நம்மிடையே ஏராளம். இவை இரைப்பையின் சளிக்கவசத்தையே பலவீனப்படுத்துபவை. சாப்பிட்டபின் விழுங்கினாலும் இந்த ஆபத்து முழுவதும் நீங்கிவிடுவதில்லை. இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் எரிச்சலுக்குப் பயந்து அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது; மருத்துவரிடம் சொன்னால் பாதுகாப்புக்கு வழி செய்வார்.

அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் ஆகிய மாத்திரைகளும் நம் ஊரில் முறுக்கு, சீடை போலப் புழங்குகின்றன. இவற்றைக் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும். உணவு வந்து இரைப்பையின் அமிலப் பம்புகள் இயங்கத் தொடங்கும் வேளையில் மருந்து இரத்தத்தில் தயாராக இருந்தால்தான் அவற்றை அடைக்க முடியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மற்ற மாத்திரைகளோடு சேர்த்து விழுங்குபவர்கள் பாதிப் பயனை இழக்கிறார்கள். மாதக்கணக்கில் எடுத்துத் திடீரென நிறுத்தினால், அடைபட்டிருந்த சுரப்பு சில வாரங்கள் முன்னைவிட வேகமாகப் பொங்கும். நோய் திரும்பிவிட்டது என்று எண்ணி மறுபடியும் தொடங்கிவிடுகிறார்கள். மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைப்பதே நல்லது. தேவையுள்ளவர்கள் நீண்ட காலம் எடுக்கத்தான் வேண்டும். அப்போது வைட்டமின் பி12 அளவை அவ்வப்போது பார்ப்பது நல்லது, சைவ உணவுக்காரர்கள் குறிப்பாக. ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது உப்பைக் குடிப்பதற்குச் சமம். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. அமிலத்தைத் தணிக்கக் குடிக்கும் ஜெல் வகை மருந்துகளை இரும்புச் சத்து மாத்திரையோடும் தைராய்டு மாத்திரையோடும் சேர்த்து எடுத்தால் அந்த மாத்திரைகள் உடலில் சேராமல் போகும். சில மணி நேர இடைவெளி வேண்டும்.

கட்டுரையில் இடம்பெறாத இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. நெஞ்சில் வரும் எல்லா எரிச்சலும் வயிற்றிலிருந்து வருவதன்று. படியேறும்போது வரும் நெஞ்சுவலி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வையோடு வரும் நெஞ்சடைப்பு ஆகியவற்றை 'வாயுப்பிடிப்பு' என்று சொல்லி, சோடாவும் ஓமத்தண்ணீரும் குடித்துப் பொழுது விடியக் காத்திருந்தவர்களை அவசரப் பிரிவில் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் வீடு திரும்பவில்லை. விழுங்குவதில் சிரமம், காரணமின்றி எடை குறைவது, இரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம் ஆகியவை இருந்தால் உணவுமுறையை மாற்றிப் பார்ப்போம் என்று நாள் கடத்தாமல் மருத்துவரிடம் போக வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்றாலும், அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

இந்த அபாய அறிகுறிகளை அடுத்த இதழின் மருத்துவப் பக்கத்திலேயே ஒரு சிறு பெட்டிச் செய்தியாகவும், பால் பற்றிய பரிந்துரைக்கு ஒரு திருத்தத்தையும் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு வேண்டுகோளும் உண்டு. தங்கள் சமையல் பக்கத்தில் 'இரவு விருந்து' என்ற தலைப்பில் மாதந்தோறும் வரும் குறிப்புகளின் அடியில், எட்டு மணிக்குள் பரிமாறவும் என்று ஒரு வரி சேர்க்க முடியுமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
கும்பகோணம்.