தோலைப் பார்த்து வாங்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

புதுத் திரைச்சீலை போட்டதென்று அம்மாவுக்கு அனுப்பிய படத்தில், மேசையில் துருவிய சீஸ் பாக்கெட் ஒன்று கிடந்தது. அதைப் பார்த்ததில் இருந்து எழுத நினைத்துக்கொண்டே இருக்கிறேன். 2025 ஏப்ரலுக்குப் பிறகு நாங்கள் இத்தாலியில் இருந்து லண்டனுக்குச் சீஸ் கொண்டுவரத் தடை. இனி நீதான் பார்த்து வாங்க வேண்டும்.

துருவியதை வாங்காதே, மணம் சீக்கிரம் போய்விடும். தோலோடு துண்டாக வாங்கு. தோலில் புள்ளி புள்ளியாகப் பர்மிஜானோ ரெஜ்ஜானோ என்று நம் சீஸின் பெயர் குத்தியிருக்கும். துண்டில் பாதி எழுத்துத்தான் வரும், அது போதும். எழுத்தைச் சீவி எடுத்த தோல் என்றால் தொடாதே. தட்டிப் பார்த்துத் தேறாத ஃபோர்மாவுக்குத்தான், அதாவது முழுச் சீஸ் உருளைக்குத்தான், அப்படிச் சீவுவார்கள். கிரானா பதானோ என்ற மற்றச் சீஸும் கூடாததில்லை, ஆனால் அது 9 மாதம் முதிர்ந்ததுமே வெளியே வரும். நம்முடையது குறைந்தது 12 மாதம். நீ 24 மாதம் என்று போட்டதை எடு. 36 மாதத்தது விலை கூட, பாஸ்தாவில் போட்டு வீணாக்காதே, சும்மா உடைத்துச் சாப்பிடு. பல்லில் கடிபடும் வெள்ளைக் குருணி உப்பில்லை. பாலில் உள்ள புரதம் உடைந்து வருவது. சின்னனில் அதைத் துப்புவாய்.

வெள்ளிக்கிழமை வேண்டாம். உறைகுத்துவது கன்றுக்குட்டியின் வயிற்றில் எடுக்கிற சாமானால். அப்பம்மாவுக்கு நாங்கள் சொல்லாமல் விட்டது உனக்குத் தெரியும்.

தோலை எறியாதே. கழுவிப் பருப்புக்குள் போட்டு அவிய விடு.

ஒரு ஃபோர்மாவுக்கு 550 லிட்டர் பால் வேண்டும் என்று நீ வகுப்பில் எழுந்து சொன்னதை, அந்த டீச்சர் என்னைக் கண்டால் இப்போதும் சொல்கிறார். அப்படிப் பேசின பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போன் எடுக்க நேரமில்லை. சரி, வேலை இருக்கும். ஒழுங்காகச் சாப்பிடு. மேசையில் கோப்பை ஒன்றுதான் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. சின்ன மாமாவும் கேட்க மாட்டார், சொல்லி வைத்திருக்கிறேன்.

தோலைப் பார்த்து வாங்கு, மறக்காதே.

பிள்ளை, இன்னொன்று. 2012 மே 20, விடிய நாலு மணிக்கு நிலம் ஆடியபோது நாம் எல்லோரும் காருக்குள் இருந்தோம். நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு போகாதே என்றாய். சீஸ் கிடங்கில் இருந்து கூப்பிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. பின்னேரம் வந்தால் போதும், உள்ளே போகாதே என்றுதான் முதலாளி சொன்னார். முதலில் போய் நின்றால் வேலையை நிரந்தரமாக்குவார்கள் என்று நினைத்தேன். தட்டுகள் சரிந்து, 40 கிலோ ஃபோர்மாக்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. இருட்டும் வரைக்கும் அதற்குள் நின்றேன். நீயும் அம்மாவும் தனியே காருக்குள் இருந்தீர்கள். உனக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு நீ என்னைப் போகாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. அம்மாவுக்கு இது இன்னும் தெரியாது.

பொலோஞ்ஞாவில் இருந்து சனிக்கிழமை விமானம் இருக்கிறது, விலை பார்த்து வைத்திருக்கிறேன். வா என்று ஒரு சொல் அனுப்பு. வெறுங்கையோடுதான் வருவேன். கடைக்கு இருவரும் சேர்ந்து போகலாம்.

அப்பா