பானட்டையும் திறந்து காட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய ஜெர்மன் சொகுசு கார்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அந்தக் கார்கள் என்றாலே ஹிட்லர் ஏறிய கதை, ஏலத்தில் போன விலை. பானட்டை, அதாவது எஞ்சின் மூடியைத் திறந்து பார்க்க யாருக்கும் பொறுமையில்லை.

ஜெர்மனியின் மேபாக் நிறுவனம், வாயு நிரப்பிப் பறக்கும் செப்பலின் வான்கப்பல்களுக்கு எஞ்சின் செய்துகொண்டிருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் தோற்ற ஜெர்மனி மீது விதிக்கப்பட்ட வெர்சாய் ஒப்பந்தம் அந்தத் தொழிலுக்குப் பூட்டுப் போட, கார் பக்கம் திரும்பியது. 1921-ல் பெர்லின் கண்காட்சியில் அவர்கள் வைத்த டபிள்யூ 3 காரில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக்! அன்றைய பெரும்பாலான கார்களில் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். பிறகு வந்த மேபாக்கின் ‘செப்பலின் டிஎஸ் 8’ என்ற காரில் 12 சிலிண்டர், 8 லிட்டர், 200 குதிரைத்திறன்.

எஞ்சினுக்குக் கூடுதல் காற்று கொடுத்து வலுவேற்றும் கருவியான அன்றைய மெர்சிடஸின் சூப்பர்சார்ஜர் இன்னும் சுவாரசியம். ஆக்சிலரேட்டரைக் கடைசிவரை மிதித்தால்தான் அது எஞ்சினோடு இணையும். காற்றை அழுத்தி, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் தள்ளும். கொஞ்ச நேரத்துக்கு மேல் அப்படி ஓட்டினால் எஞ்சின் தாங்காது. சத்தத்துக்குப் பேர்போன வித்தை, அவ்வளவுதான். என்னைக் கேட்டால், 1933-ல் மெர்சிடஸ் 380 கொண்டுவந்த முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி காயில் ஸ்பிரிங் (சுருள்வில்)தான் பெரிய விஷயம். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றது அசையாது. இன்றைய சாதாரணக் கார்களும் அந்த வழியில்தான் ஓடுகின்றன.

சரி, அடுத்த முறை எஞ்சின் படம் ஒன்றாவது போடுங்கள்.

– வாசகர், கோவை