எனக்கும் 28 நாள் கொடுங்கள்

மதிப்பிற்குரிய சிங்கப்பூர் தேசிய வளர்ச்சி அமைச்சருக்கும் சட்ட அமைச்சருக்கும்,

வணக்கம். திருமணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில் வாழும் இருவர் பிரிந்தால், வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் மற்றவரை நினைத்த நேரத்தில் வெளியே அனுப்பிவிட முடிகிறது. இது உங்களுக்குத் தெரியாதது அல்ல என்பதால் முன்கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஈசூனில் ஒரு நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சில ஆண்டுகள் குடியிருந்தேன். வீடு என் காதலர் பெயரில். போன மாதம் நான் இரவு வேலைக்குப் போயிருந்தபோது, கதவிலிருந்த டிஜிட்டல் பூட்டின் எண்ணை அவர் மாற்றிவிட்டார். "இனி வர வேண்டாம், சாமானைப் பற்றி அப்புறம் பேசலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது.

காலையில் வாசலில் நின்ற என்னிடம், நான் அழைத்து வந்த போலீஸ் அதிகாரிகள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒருவர் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். ஆனால் இது சிவில் விவகாரமாம், உரிமையாளர் சம்மதித்தால்தான் உள்ளே போக முடியுமாம். உரிமையாளர் சம்மதிக்கவில்லை.

நான் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம். ஒரு முகவரியில் உண்மையாகவே குடியிருந்த ஒருவரை வெளியேற்றுவதற்கு முன் எழுத்துமூலம் 28 நாள் அவகாசம் தர வேண்டும், அதுவரை பூட்டை மாற்றக்கூடாது என்று ஒரு விதி வேண்டும். 28 என்ற எண் நானாகப் பிடித்தது இல்லை. வீடு மாறியவர் தன் அடையாள அட்டை முகவரியை மாற்றிக்கொள்ளச் சட்டம் தரும் அவகாசம் அது. அட்டையில் உள்ள முகவரிக்கு 28 நாள் உண்டு. அந்த முகவரியில் குடியிருந்த ஆளுக்கு ஒரு பொழுதுகூட இல்லை.

இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போனேன். பிறர் அனுமதியோடு ஒரு வீட்டில் தங்கியிருப்பவரை வெளியேறச் சொன்னால் 'நியாயமான அவகாசம்' தர வேண்டும் என்ற நெறி பொதுச் சட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது என்று வழக்கறிஞர் பொறுமையாக விளக்கினார். நியாயமான அவகாசம் என்றால் எத்தனை நாள்? நிலைமையைப் பொறுத்தது. யார் முடிவு செய்வார்கள்? நீதிமன்றம். அதுவரை நான் எங்கே தூங்குவது? அவர் பேனாவை மூடி வைத்தார்.

இனி சாமான் கதை. சில நாள் கழித்து, பொது நண்பர் ஒருவர் மூலம் இரண்டு பைகள் வந்தன. துணிமணி, ஒரு ஜோடிச் செருப்பு, விசில் இல்லாத குக்கர். மற்றதைக் கேட்டதற்கு, எது உன்னுடையது என்று ரசீது காட்டு, தருகிறேன் என்று பதில். நியாயமான பேச்சுதான். குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், சமையலறை அலமாரி எல்லாவற்றுக்கும் ரசீதை ஒழுங்காக ஒரு நீலக் கோப்பில் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கோப்பு படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. அலமாரி வீட்டுக்குள்ளே இருக்கிறது. என் படிப்புச் சான்றிதழ்களும் என் பெயருக்கு அந்த முகவரிக்கு வந்த கடிதங்களும் அதே கோப்பில்தான். ஆக, நான் அங்கே குடியிருந்தேன் என்று யாரிடமாவது நிரூபிக்க வேண்டுமானாலும், முதலில் நான் குடியிருக்கக் கூடாத அந்த வீட்டுக்குள் போயாக வேண்டும். கோப்பைத் தேடிப் பார்க்கிறேன் என்றார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். 28 நாள் கேட்பது இதற்காகவும்தான். ஒரு கோப்பை எடுத்துக்கொள்ள, ஓர் அறை பார்க்க, வேலையிடத்தில் லீவு சொல்ல ஒரு மனுஷிக்கு அந்த அளவு நேரமாவது வேண்டாமா?

செலவுக் கணக்கையும் சொல்ல வேண்டும். வீட்டுத் தவணையை அவர் தன் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம (மசே) நிதியிலிருந்து கட்டினார். ரொக்கமாகப் போனவை, அதாவது மின்சாரம், தண்ணீர், நகர மன்றக் கட்டணம், மளிகை எல்லாம் என்னுடையவை. அப்போது அது சௌகரியமான ஏற்பாடாகத்தான் தெரிந்தது. நாளை அவர் வீட்டை விற்றால், எடுத்த மசே நிதிப் பணம் வட்டியோடு அவர் கணக்குக்கே திரும்பிப் போகும். நான் பேநவ் கைபேசிப் பணமாற்றில் கட்டிய மின்கட்டணத்தில் எரிந்த விளக்கு எரிந்ததுதான்.

மனைவியாக இருந்திருந்தால், வீடு யார் பெயரில் இருந்தாலும் மாதர் சாசனம் என்ற குடும்பச் சட்டப்படி நீதிமன்றம் பிரித்துக் கொடுக்க வழி இருந்திருக்கும். அறை வாடகைக்கு வந்தவளாக இருந்திருந்தால் கையில் ஒப்பந்தம் இருந்திருக்கும். வீவக வீட்டில் குறைந்தது 6 மாதத்துக்கு வாடகைக்கு விட வேண்டும் என்பது விதி. இரண்டு ஆண்டுக்கு மிகாத ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம், வழக்கறிஞர்கூடத் தேவையில்லை. காதலிக்கத் தொடங்கியபோதே ஒப்பந்தம் எழுதி, முத்திரைத் தீர்வையும் கட்டியிருக்க வேண்டும் போலிருக்கிறது.

துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014லிருந்து இருக்கிறதே என்பீர்கள். உண்மை, அது மணமாகாதவர்களுக்கும் பொருந்தும், 2021லிருந்து அதற்கென்று தனி நீதிமன்றமே இருக்கிறது. குடும்ப வன்முறைக்கு எதிராக மாதர் சாசனத்தில் செய்த திருத்தங்களும் 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்தன. எல்லாம் நல்ல சட்டங்கள். ஆனால் என்னிடம் கேட்டது: அடித்தாரா? இல்லை. மிரட்டினாரா? இல்லை. பின்தொடர்ந்தாரா? அதுவும் இல்லை, எண்ணை மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால் என் மனுவுக்கு வசதியாக இருந்திருக்கும்!

சரி, மறுபக்கமும் இருக்கிறது. வீட்டுக்குச் சொந்தக்காரரே அடிபடுபவராக இருந்தால் அவர் 28 நாள் பொறுத்துக்கொண்டிருக்க முடியாது. அப்படிப்பட்டவர் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்கினால் அவகாச விதி பொருந்தாது என்று எழுதிவிடுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்போது என் வயது முப்பத்தொன்று. தனியாளாக வீவக வீடு வாங்க 35 ஆக வேண்டும். வருங்காலக் கணவரோடு போனால் இருபத்தொன்றிலேயே விண்ணப்பிக்கலாம், சாவி வாங்கியபின் திருமணச் சான்றிதழைக் காட்டினால் போதும். அதுவரை வாடகை அறைதான் கதி. ஆயிரம் வெள்ளிக்குக் குறைந்து நான் பார்த்தவற்றில் ஒன்றும் இல்லை. சில விளம்பரங்களில் 'சமைக்கக் கூடாது' என்றிருக்கும். சிலவற்றில் 'இந்தியர் வேண்டாம்' என்று நேரடியாகவே இருக்கும். இதற்கு நடுவில், "தாலி கட்டியிருந்தால் இந்த நிலைமை வருமா" என்று தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும்போது நிறுத்திக் கேட்கும் சின்னம்மாக்கள் வேறு. வரும், சின்னம்மா. தாலி கட்டியவர்களும் பையோடு படியில் நிற்பதை அவர்களும் பார்த்திருக்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காவது மாதர் சாசனம் இருக்கிறது.

மன்னிக்கவும், சின்னம்மாக்கள் உங்கள் அமைச்சின் கீழ் வரமாட்டார்கள். நீங்கள் செய்யக்கூடியதை மட்டும் பணிவோடு மீண்டும் கேட்கிறேன். எழுத்துமூல அறிவிப்பு. 28 நாள் அவகாசம். அதற்குள் பூட்டு மாற்றினால், வந்த அதிகாரியே கதவைத் திறந்துவிடச் சொல்லும் அதிகாரம். உடைமைகளையும் ஆவணங்களையும் எடுத்துக்கொள்ள ஒரு நாள், சாட்சியோடு. இதில் எதற்கும் யாருடைய சொத்தும் ஒரு சதுர அடி குறையாது. திருமணமாகாத உறவை அரசாங்கம் அங்கீகரித்ததாகவும் ஆகிவிடாது. அந்தக் கவலை உங்களுக்கு இருந்தால் விதியில் 'உறவு' என்ற சொல்லே வர வேண்டாம், 'குடியிருந்தவர்' என்று போடுங்கள்.

இந்த மடலுக்குப் பதில் எழுதுவதாக இருந்தால் தயவுசெய்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். இப்போது ஒரு தோழியின் வாடகை அறையில் பாயைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த முகவரியை அட்டையில் பதிய அவளுக்கு அறையை வாடகைக்கு விட்டவர் சம்மதிக்கவில்லை. என் அட்டையில் இன்னும் ஈசூன் முகவரிதான் இருக்கிறது. தபாலில் அனுப்பினால் உங்கள் பதிலை என் முன்னாள் காதலர்தான் பிரித்துப் படிப்பார்.

இப்படிக்கு,
ஈசூன் வீட்டின் முன்னாள் குடியிருப்பாளர்