அம்மாவுக்கு, பாஸ்டனிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, பதில் போடாமல் இருந்தது தப்புதான், கோபப்படாதே. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. கம்பளிக் கோட்டு இருக்கிறது, உடம்பு நன்றாக இருக்கிறது.

மேல்மாடிப் பாட்டியைப் பற்றி முன்பே எழுதியிருந்தேனே, மரங்களோடு பேசுகிறவர், அவர்தான் ஞாயிற்றுக்கிழமை என்னை ஆர்னால்டு மரத்தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துடையது, 1872இல் ஆரம்பித்தது, 281 ஏக்கர். நுழைவுக் கட்டணமே கிடையாது, அதனால் இனி வாராவாரம் போகலாம் என்றிருக்கிறேன். பிராங்க்ளினியா என்று ஒரு மரம் காட்டினார், 1803க்கு அப்புறம் காட்டில் யார் கண்ணிலும் படவில்லையாம், தோட்டங்களில் வளர்த்துத்தான் பிழைத்திருக்கிறது.

ஆனால் நான் நின்றுவிட்டது டான் ரெட்வுட் மரத்தடியில். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்துவிட்டது அம்மா. ஊசியிலை மரம்தான், இருந்தும் குளிருக்கு முன்னால் இலையெல்லாம் செம்பழுப்பாகி உதிர்ந்துவிடுகிறது. பட்டை நார்நாராக உரிகிறது. இந்த இனமே அழிந்துவிட்டது, கல்லில் படிந்த தடம்தான் மிச்சம் என்று நினைத்திருந்தார்கள், 1940களில் சீனாவில் உயிரோடு இருப்பது தெரிந்தது. 1948இல் விதை இங்கே வந்து, இங்கிருந்து பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. மரத்தில் சின்னத் தகடு ஒன்று தொங்குகிறது, அதிலுள்ள எண் 48 என்று முடிகிறது, வந்த வருஷம் அது. அப்பா பிறந்த வருஷம்! அவரிடம் மறக்காமல் சொல்.

அடிமரத்தில் கிளைகளுக்குக் கீழே அக்குள் மாதிரி குழிகள் இருக்கின்றன. ஒன்றில் கையை வைத்தேன். நம் மாமரத்தில் நான் கால் வைத்து ஏறுவேனே, அந்தக் குழி அப்படியே நினைவுக்கு வந்துவிட்டது, அப்புறம் எதையும் பார்க்கத் தோன்றவில்லை, பாட்டி இரண்டு தடவை கூப்பிட்டதும் காதில் விழவில்லை.

அதை வெட்டிவிட்டு அண்ணன் அறை கட்டப் போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம் அம்மா. அண்ணனிடம் நானே பேசுகிறேன், கிணற்றுப் பக்கம் தள்ளிக் கட்டினால் இடம் தாராளமாக இருக்கிறது, அண்ணியும் அதைத்தானே சொன்னாள். அஸ்திவாரத்துக்குப் பணம் தை மாதத்துக்குள் அனுப்பிவிடுகிறேன், இந்த மாதம் வேலை கொஞ்சம் குறைவு, வேறொன்றுமில்லை.

ஒன்று செய். மாமரத்தின் அடியைச் சுற்றி நூல் பிடித்து, அந்த அளவுக்கு அறுத்து, அடுத்த கடிதத்தில் மடித்து வை.

உன் மகன்