பின்தூங்கிப் பின்எழுபவளின் மறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அதிகாலையில் எழும் பழக்கம் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை, வழக்கம்போல் நள்ளிரவு தாண்டித்தான் படித்தேன். பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு ஐந்து மணிக்கு எழுந்து வெளிச்சத்தில் நின்றால், மூன்றே வாரங்களில் எவரும் மாறிவிடலாம் என்றும், மாறாதவர்களுக்கு மனம் இல்லை என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பலருக்கு இந்த யோசனையால் கெடுதல் ஒன்றும் நேராது. ஆனால் நள்ளிரவு கடந்து வெகுநேரம் கழித்தே உறக்கம் வரும் என்னைப் போன்றவர்களுக்கு அந்த ஐந்து மணி வெளிச்சம் எதிர்விளைவையே தரக்கூடும் என்பதால், இந்த மறுப்பை எழுத நேர்ந்தது.

எனக்கு வயது 58. பத்து வயதிலேயே, வீடு முழுவதும் உறங்கிய பிறகு கூடத்துச் சுவர்க் கடிகாரம் அடிப்பதை எண்ணியபடி படுத்திருப்பேன். முழு மணிக்கு அதன் எண்ணிக்கைப்படியும், இடையில் வரும் அரை மணிக்கு ஒற்றை மணியும் அடிக்கும் கடிகாரம் அது. ஆகவே பன்னிரண்டரை, ஒன்று, ஒன்றரை ஆகிய மூன்றுக்கும் ஒரே ஓசைதான். எந்த ஒற்றை மணி எந்த நேரத்துக்கு உரியது என்பதைப் பிசகாமல் சொல்லத் தெரிந்த சிறுமியாக இருந்தேன். திருமணத்துக்குப் பிறகு, 'பின்தூங்கி முன்எழுபவள்' என்ற பாராட்டின் முதல் பாதிக்கு மட்டுமே தகுதி பெற்றேன். பின்னாளில் ஒரு நாளிதழில் இரவுப் பணி மெய்ப்புத் திருத்துநராகச் சேர்ந்தபோதுதான், மூன்று மணிக்குப் படுத்துப் பதினொன்றுக்கு எழுந்தால் எட்டு மணி நேரம் அயர்ந்து உறங்க என்னாலும் முடியும் என்பதைக் கண்டுகொண்டேன். (விடியலில் எழுவதன் மேன்மையைப் பேசும் எத்தனையோ கட்டுரைகளை அந்த மேசையில் இரவு ஒரு மணிக்குப் பிழை திருத்தியிருக்கிறேன்.)

என்னுடையது 'தாமத உறக்கக் கோளாறு'. தூக்கமின்மையிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது இந்த அயர்ந்த உறக்கம்தான். தன் வேளையில் விட்டுவிட்டால் உறக்கத்தில் குறையே இருக்காது. ஊரார் வேளைக்கு இழுக்கும்போதுதான் எல்லாம் குலைகிறது. எலியட் வைட்ஸ்மன், சார்லஸ் சைஸ்லர் முதலான அமெரிக்க மருத்துவர்கள் 1981-இல் இதைத் தனியொரு கோளாறாக விவரித்தார்கள். மூளையின் ஹைப்போதலமஸ் பகுதியில் இருக்கும் உடல் கடிகாரம் மற்றவர்களுடையதைவிடப் பல மணி நேரம் பின்தங்கி ஓடுவதால், உறக்கத்துக்கு முன்னறிவிப்பாகச் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனும் எங்களுக்குத் தாமதமாகவே சுரக்கிறது. சில குடும்பங்களில் சி.ஆர்.ஒய்.1 என்ற மரபணுவின் மாற்றம் இதற்குக் காரணமாக இருப்பதை 2017-இல் கண்டறிந்தார்கள். கட்டுரையாளர் சொல்லும் 'மனம் இல்லாமை'க்கு இதில் எங்கே இடம் என்று எனக்குப் புரியவில்லை.

இனி அந்த வெளிச்சத்துக்கு வருகிறேன். நமது உடல் வெப்பம் இயல்பாக விழிக்கும் நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னதாக மிகக் குறைந்த நிலையை அடைகிறது. அந்தப் புள்ளிக்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் உடல் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும். அதற்கு முன்பே பட்டால் பின்னுக்குத் தள்ளும். ஏழு மணிக்குத் தானாகவே விழிப்பவருக்கு அந்தப் புள்ளி ஐந்து மணியளவில் வந்துவிடுகிறது. பதினொன்றுக்கு விழிக்கும் எனக்கோ ஒன்பது மணியளவில்தான் வருகிறது. ஐந்து மணிக்கு நான் போய் வெளிச்சத்தில் நின்றால், என் உடல் அதை மாலை வெளிச்சம் போல எடுத்துக்கொண்டு உறக்கத்தை இன்னும் தள்ளிப்போடும். முப்பதாவது வயதில் ஒரு மாதம் முழுவதும் இதைக் கடைப்பிடித்து, மூன்று மணி உறக்கம் நான்கு மணிக்குப் போனதை அனுபவித்தவள் நான். காரணத்தைப் பல ஆண்டுகள் கழித்து உறக்க மருத்துவர் ஒருவர் விளக்கிய பிறகே, அதுவரை என்னையே நொந்துகொண்டிருந்ததை விட்டேன்.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. இயல்பாக விழிக்கும் நேரத்தில் தொடங்கி, வெளிச்சம் படும் நேரத்தைச் சிறிது சிறிதாக முன்னே கொண்டுவரலாம். மருத்துவர் குறிக்கும் நேரத்தில் மிகச் சிறிய அளவு மெலடோனின் எடுத்துக்கொள்ளலாம். நாளுக்கு மூன்று மணி நேரம் வீதம் உறக்கத்தைப் பின்னுக்கே தள்ளிச் சென்று, ஒரு சுற்றுச் சுற்றி விரும்பிய வேளையில் நிறுத்தும் முறையையும் அதே மருத்துவர்கள் 1981-இல் எழுதினார்கள். நான் அதையும் முயன்றேன். ஒரு வாரம் முடிவதற்குள் பத்து மணிக்கே உறங்கிய அதிசயம் நிகழ்ந்தது. உறவினர் ஒருவருக்குத் துணையாக மருத்துவமனையில் விழித்திருந்த இரண்டே இரவுகளில் பழையபடி மூன்று மணிக்குத் திரும்பிவிட்டேன்.

என் காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. இரவு வேலை என்னைக் காப்பாற்றிவிட்டது. பதின்ம வயதினரின் நிலை வேறு. அந்த வயதில் உடல் கடிகாரம் எல்லோருக்குமே சற்றுப் பின்னுக்கு நகர்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளை 8:30 மணிக்கு முன்னர் தொடங்க வேண்டாம் என்று 2014-இல் பரிந்துரைத்தது இதனால்தான். தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, இரண்டு மணி வரை உறக்கம் வராமல் புரளும் பிள்ளையை ஐந்து மணிக்கு எழுப்பி முற்றத்தில் நிறுத்தப் பெற்றோர் முனையக்கூடும். ஆகவே அந்த யோசனை எவருக்குப் பொருந்தாது என்ற சிறு குறிப்பை, அடுத்த இதழிலேயே, கட்டுரை வெளியான அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்