மிராசுதாரும் மீராசியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ராஜஸ்தானின் மாங்கணியார் பாடகர்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். தமிழில் அவர்களைப் பற்றி ஒருவர் எழுத முன்வந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். வேலை நிமித்தமாக பார்மேரில் நான்கு வருடம் இருந்தவன் நான். அந்தப் பழக்கத்தில் இரண்டு இடங்கள் உறுத்தின. அவர்களை 'நாடோடிகள்' என்று எழுதியது ஒன்று. பெயருக்கு 'யாசகர்' என்று பொருள் சொல்லிவிட்டு மேலே போனது இன்னொன்று.

அவர்கள் நாடோடிகள் இல்லை. ஜெய்சல்மேர், பார்மேர் பக்கமும், எல்லைக்கு அப்பால் சிந்துவின் தார்பார்க்கரிலும் தலைமுறை தலைமுறையாக ஊரோடு இருப்பவர்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இன்னின்ன வீடுகள் என்று கணக்கு உண்டு. அந்த வீட்டுக்காரரை ஜஜ்மான் என்பார்கள். பெரும்பாலும் ராஜபுத்திரர்கள். அங்கே பிள்ளை பிறந்தாலும் கல்யாணம் நடந்தாலும் இவர்கள்தான் போய்ப் பாட வேண்டும். பாட்டன், பூட்டன் பெயர் பிசகாமல் வம்சத்தைச் சொல்லி வாழ்த்துவதற்கு 'சுப்ராஜ்' என்று பெயர். பதிலுக்குத் தானியம், ஆடு, பணம் கிடைக்கும். வசதியான வீடானால் ஒட்டகம்கூட வரும். அப்பாவுக்குப் பிறகு அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொள்வதும் இந்த வீடுகளைத்தான்.

மாங்கணியார் என்றால் கேட்கிறவர் என்பது சரிதான். அந்தப் பெயரில் இருக்கும் இழிவு பிடிக்காமல்தான் பலர் தங்களை மீராசி என்று சொல்லிக்கொள்கிறார்கள். 'மீராஸ்' என்றால் அரபியில் பரம்பரைச் சொத்து. நம் தஞ்சாவூர்ப் பக்கத்து 'மிராசு', 'மிராசுதார்' எல்லாம் அதே சொல்லிலிருந்து வந்தவைதான். இங்கே நிலத்துக்கு ஆன சொல் அங்கே பாட்டுக்கு ஆகியிருக்கிறது. அவர்கள் வாங்குவது பிச்சை இல்லை, பாத்தியதை. ஜஜ்மான் முறை தவறி நடந்தால் அவரை 'தலாக்' சொல்லி விலக்கும் வழக்கம்கூட இருந்திருக்கிறது. தலைப்பாகையையும் வாத்தியத்தின் நரம்புகளையும் மண்ணில் புதைத்துவிட்டு வந்துவிடுவார்களாம். யாசகம் கேட்பவருக்கு இப்படி ஓர் அதிகாரம் இருக்குமா?

அப்புறம், முஸ்லிம்களான இவர்கள் கிருஷ்ணனைப் பாடுவதைக் கட்டுரையாளர் பெரிய அதிசயமாகச் சொல்கிறார். ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானாவின் நாகஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் என்ன அதிசயம்? பார்மேர் அருகே ஒரு கிராமத்துக் கல்யாணத்தில் பார்த்தேன். பெரியவர் ஒருவர் பிஸ்மில்லா சொல்லி வாத்தியத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதல் பாட்டு கிருஷ்ணன் மேல். நடுச்சாமத்துக்குப் பிறகு சூஃபிக் கவிஞர் ஷா அப்துல் லத்தீபின் சிந்திப் பாட்டுகள். விடிந்ததும் ஒரு ஓரமாகத் துண்டை விரித்துத் தொழுதார். பொக்ரான் பக்கத்து ராம்தேவ்ராவில் அடங்கியிருக்கும் ராம்தேவ்ஜியை இந்துக்கள் கிருஷ்ண அவதாரம் என்கிறார்கள், முஸ்லிம்கள் ராம்சா பீர் என்கிறார்கள். அவர் மேலும் இவர்கள் பாடுகிறார்கள். யாரும் இதை ஒற்றுமைக்கான காட்சியாக நடத்திக் காட்டவில்லை. அந்த ஊரில் வாழ்க்கையே அப்படித்தான்.

ஆனால் அதே கல்யாணத்தில் அந்தப் பெரியவருக்குக் கட்டில் போடவில்லை. வாசல் ஓரத்தில் தரையில்தான் உட்கார்ந்தார். டீ குடித்த டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார்கள். இரவெல்லாம் இவர் குரலில் உருகிப்போனவர்களே அதைச் செய்தார்கள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மத நல்லிணக்கம் என்று எழுதும்போது இந்தச் சாதியையும் சேர்த்து எழுத வேண்டாமா? 2017 செப்டம்பரில், நவராத்திரி சமயத்தில், ஜெய்சல்மேர் மாவட்டம் தாந்தல் கிராமத்தில் சாமியாடிக்கு அருள் வரும்படி பாடவில்லை என்று எழுந்த தகராறில் ஒரு பாடகர் கொல்லப்பட்டார் என்று வழக்குப் பதிவானது. அவர் உறவுக்காரர்கள் சுமார் 200 பேர் பயந்துபோய் ஊரையே காலி செய்தார்கள். ஐந்து பக்கக் கட்டுரையில் இதற்கு ஒரு வரியாவது இருந்திருக்கலாம்.

பெண்களைப் பற்றியும் ஒன்றுமே இல்லை. மாங்கணியார் பெண்கள் ஜஜ்மான் வீட்டு விசேஷங்களில் பாடுவார்கள், பொது மேடை மட்டும் ஆண்களுக்கு என்பதுதான் வழக்கம். பார்மேரின் ருக்மா, போலியோவில் இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டவர், அந்த வழக்கத்தை மீறி மேடையேறிப் பாடினார். 2011இல் காலமாகிவிட்டார். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை போடலாம்.

கடைசியாக, படத்தில் இருக்கும் வாத்தியத்துக்கு 'சாரங்கி' என்று போட்டிருக்கிறீர்கள். அது கமாய்ச்சா. மரத்தைக் குடைந்த வட்டக் குடம், அதன் மேல் ஆட்டுத்தோல், ஆட்டுக்குடலை முறுக்கிய நரம்பு, அடிவயிற்றிலிருந்து வருவது போன்ற கனத்த நாதம். ஹமீரா கிராமத்து சாகர் கான் இதை வாசித்துத்தான் 2012இல் பத்மஸ்ரீ வாங்கினார், அடுத்த வருடமே மறைந்தார். ஆர்மோனியம் வந்த பிறகு இதை வாசிப்பவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், செய்யத் தெரிந்தவர்கள் இன்னும் குறைவு. இந்த நிலைமையில் பெயரும் மாறிப்போகக் கூடாது. அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். படத்தில் உள்ள ஐந்து கலைஞர்களில் ஒருவர் பெயர்கூட அச்சாகவில்லை. படம் எடுத்த விழாவை நடத்தியவர்களிடம் கேட்டு அதையும் சேர்த்துப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திருமங்கலம்