நிவாரணத்துக்கு நீளும் கை வாக்குச்சாவடிக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கியபோது, பாலும் பிரெட்டும் சுமந்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கிய இளைஞர்களை மறக்க முடியாது. அதே மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது, நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் சென்னையிலிருந்தே நிவாரணம் போனது. கொடுக்கும் மனதில் நமக்குக் குறையில்லை. (கிழிந்த பழந்துணிகளைக் கொண்டுபோய்க் கொட்டுவதை மட்டும் விட்டுவிடலாம். முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்குப் பணமாகவே அனுப்பலாம். பழைய வரி முறையில் இருப்போருக்கு வருமான வரிச் சலுகையும் உண்டு.)

ஆனால், மழைநீர் வடிகால் கட்டுவதும் தூர்வாருவதும் மாநகராட்சியின் வேலை. அதற்கு 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தபோது சென்னையில் வாக்குப்பதிவு 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 2024 மக்களவைத் தேர்தலிலும் தென் சென்னை சுமார் 54 சதவீதத்தோடு நின்றது. தருமபுரியோ 81-ஐத் தாண்டியது. படகு கேட்டு கவுன்சிலருக்குப் போன் போட்டவர்களில் எத்தனை பேர், அவருக்கு ஆதரவாகவோ எதிராகவோ, விரலில் மை வைத்துக்கொண்டார்கள்?

நிவாரண வசூலுக்கு வீடு வீடாக ஏறி இறங்கும் குடியிருப்போர் சங்கங்கள், அடுத்த மாநகராட்சித் தேர்தலுக்கு முன் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐயும் கையோடு எடுத்துச் செல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வேளச்சேரி, சென்னை